கீழ்பென்னாத்தூருக்கு வந்த இங்கிலாந்து பேக்

திருவண்ணாமலை
3-12-1975

சிரஞ்சீவி பலராமனுக்கு, உன் தாய்மாமன் காசி ஆசி கூறி எழுதுவது.

இதெல்லாம் நடக்கும் என்று நான் அன்றைக்கே சொன்னேன். பிராட்ஃபோர்டில் மில் வேலை கிடைத்தது, மிஸஸ் ஹாலம் என்கிற அம்மாள் வீட்டு மாடியில் குடியிருக்கிறேன், அந்தம்மா மகன் டெனிஸ் ஏதோ கிளப்பில் ஃபுட்பாலில் பேக் நின்று தடுத்தாடுகிறான் என்று நீ ஒரு வரி எழுதினாயே, அப்போதே என் சைக்கிள் கடையில் நின்ற அத்தனை பேர் முன்னாலும் சொன்னேன், இவன் இங்கிலாந்து தேசத்துக்கே ஆடுவான் என்று. ஆடிவிட்டான். ஆனால் அந்தச் சேதி எனக்கு எப்படி வருகிறது? என் அக்காவுக்கு, அதாவது உன் அம்மாவுக்கு, நீ எழுதின லெட்டரின் கடைசி வரியில். மாமனுக்கு எழுத உன் பேனாவில் மை இல்லை.

போகட்டும். டெனிஸின் அருமை எனக்குத்தான் தெரியும். மிஷன் பள்ளி மைதானத்தில் நான் பேக் நின்ற காலத்தில் காற்றுகூட என்னைக் கேட்டுவிட்டுத்தான் கோல் பக்கம் போகும்.

உன் தங்கச்சி வள்ளிக்கு இடம் கூடிவிட்டது. கீழ்பென்னாத்தூர் தசரதனின் மகன். தசரதன் ரிட்டயர்டு ஏட்டு, வேலூர் போலீஸ் டீமில் பேக் ஆடினவர். அப்பன் இல்லாத பெண் என்று இழுத்தார். நான் டெனிஸை எடுத்துவிட்டேன். நீயும் அவனும் ஒரே தட்டில் சாப்பிடுகிறீர்கள், ஆட்டத்தில் சந்தேகம் வந்தால் உன் மூலமாக என்னைத்தான் கேட்பான் என்றேன். மனிதர் நிமிர்ந்து உட்கார்ந்து, கல்யாணத்துக்கு வருவானா என்றார். வராமல் எங்கே போவான் என்றேன். அன்றைக்கே தட்டு மாற்றியாகிவிட்டது. வைகாசியில் கல்யாணம். அவனைக் கூட்டிக்கொண்டு வந்து சேர்.

மாமன்,
காசி


பிராட்ஃபோர்டு
20-12-1975

மாமாவுக்கு, பலராமன் எழுதுவது.

டெனிஸ் ஹாலம் என் சிநேகிதன் இல்லை. ஞாயிற்றுக்கிழமை அம்மாவைப் பார்க்க வருவான். மாடிப்படியில் எதிரே வந்தால் குட்மார்னிங் சொல்வான், சில நாள் அதுவும் கிடையாது. என்னைப் பாகிஸ்தானி என்று நினைத்துக்கொண்டிருக்கிறான். இங்கிலாந்துக்கு ஒரே ஒரு ஆட்டம் ஆடியிருக்கிறான். நீங்கள் ஒருவர் இருப்பதே அவனுக்குத் தெரியாது.

நான் இங்கே நூல் மில்லில் மிஷின் துடைக்கிறேன். கிளம்பும்போது நீங்கள் என்னை இன்ஜினியர் ஆக்கி ஊரெல்லாம் சொன்னீர்கள். அதனாலேயே ஊருக்கு வரக் கூசுகிறது. எனக்குச் செய்தது போதும், வள்ளிக்குச் செய்யாதீர்கள். அவள் அந்த வீட்டில் காலம் பூரா வாழ வேண்டியவள். தசரதனிடம் நீங்களே போய் உண்மையைச் சொல்லுங்கள். சொல்லவில்லையென்றால் நான் எழுதுவேன்.

பலராமன்


திருவண்ணாமலை
11-1-1976

பலராமனுக்கு, காசி எழுதுவது. இந்தத் தடவை ஆசி கிடையாது.

எழுது, தாராளமாக எழுது. தாய்மாமன் நெற்றியில் பட்டம் கட்டாமல் உன் தங்கச்சி எப்படி மணவறை ஏறுகிறாள் என்று நானும் பார்க்கிறேன். உன் அப்பா போன பிறகு உங்கள் வாசலில் வந்து நின்றது யார்? அந்தப் பனி தேசத்திலிருந்து நீயா வந்தாய்? உன்னை இன்ஜினியர் என்று சொன்னேன், ஆமாம். மிஷின் துடைக்கிறவன் என்று சொன்னால் உன் தங்கச்சியைக் கேட்டு எவன் வருவான்?

டெனிஸ் வருவான் என்று நான் வாக்குக் கொடுத்தாகிவிட்டது. கொடுத்தவன் காசி. மீதியை நான் பார்த்துக்கொள்கிறேன். நீ துடைக்கிற வேலையைப் பார்.

காசி


பிராட்ஃபோர்டு
2-5-1976

மாமாவுக்கு,

உங்கள் வாக்குக்கு ஒரு சேதி. டெனிஸ் இங்கிலாந்துக்கு இரண்டாவது ஆட்டம் ஆடினான். ஆட்டம் முடிகிற நேரத்தில் பந்தைத் தடுக்கக் காலை நீட்டினான். பந்து அவன் காலில் பட்டு இங்கிலாந்து கோலுக்குள்ளேயே போய்விட்டது. அதே இடத்தில் முழங்காலும் முறிந்தது. இனிமேல் ஆட முடியாது என்று டாக்டர் சொல்லிவிட்டார். அடுத்த நாள் எவனோ வீட்டுக் கண்ணாடியில் கல்லெறிந்தான். நானும் மிஸஸ் ஹாலமும்தான் கூட்டி அள்ளினோம். அவன் கீழே ஸ்டூலில் காலை நீட்டிக்கொண்டு சுவரைப் பார்த்து உட்கார்ந்திருக்கிறான். பெற்ற தாயோடும் பேச்சில்லை.

இவன்தான் நீங்கள் பந்தலுக்குக் கொண்டுவரப் போகிற ஆள்.

எனக்கு லீவு கிடைக்கவில்லை. கல்யாணத்துக்கு வர முடியாது. ஒன்றுவிடாமல் எல்லாவற்றையும் தசரதனுக்கு எழுதி இன்று தபாலில் போட்டுவிட்டேன்.

பலராமன்


திருவண்ணாமலை
10-6-1976

பலராமனுக்கு,

கல்யாணம் ஜாம்ஜாம் என்று முடிந்தது. உன் வயிறு எரியட்டும் என்றே விவரமாக எழுதுகிறேன்.

தசரதன் உன் லெட்டரைத் தூக்கிக்கொண்டு கடைக்கு வந்தார். பையனுக்கு இந்தச் சம்பந்தம் பிடிக்கவில்லை, அவன் பார்த்து வைத்த இடம் வேறு, அதனால் கதை கட்டுகிறான் என்றேன். அரை மனதாகப் போனார். முகூர்த்தத்தன்று மாப்பிள்ளை அழைப்பில் காருக்கு முன்னால் ஆறடி வெள்ளைக்காரன் மாலையோடு நடந்து வந்ததைப் பார்த்ததும் உன் லெட்டரை அங்கேயே நாலாகக் கிழித்துப் போட்டார்.

ஆசிரமத்துப் பக்கம் வெள்ளைக்காரர்களுக்கா பஞ்சம்? இவர் ஜெர்மனி. மௌன விரதம். கல்யாணச் சாப்பாடு என்று சைகை காட்டினேன், வந்துவிட்டார். வாயைத் திறக்கவே இல்லை. பெரிய ஆட்டக்காரர்கள் அப்படித்தான் என்று சொல்லி வைத்தேன். சாப்பாட்டுக்குப் பிறகு தசரதனுக்கு ஆசை தாங்கவில்லை. பின்பக்கம் களத்தில் அவரை நிறுத்திப் பந்தை உதைத்தார். பந்து நேராக மூக்கில் போய் அடித்தது. ஜெர்மனிக்காரர் அசையாமல் நின்றார். "பாத்தியா, நின்ன எடத்த வுட்டு நவுறல பாரு. இவன்தான்யா பேக்" என்று தசரதன் ஊரைக் கூட்டிக் காட்டினார்.

நான்தான் பட்டம் கட்டினேன். நீ இல்லாதது ஒரு குறையாகவே தெரியவில்லை.

காசி


பிராட்ஃபோர்டு
5-1-1977

மாமா,

வள்ளி எழுதியிருக்கிறாள். உங்களுக்குத் தெரியாததல்ல, இருந்தாலும் என் கையாலும் எழுதுகிறேன்.

கார்த்திகை தீபத்துக்கு வந்த தசரதன், கூட்டத்தில் உங்கள் ஜெர்மனிக்காரரைப் பார்த்து, சொந்தக்காரர்களைக் கூட்டிப்போய்க் கைகொடுத்திருக்கிறார். அதற்குள் அவர் விரதம் முடிந்துவிட்டது. தான் ஜெர்மனியில் தபாலாபீஸ் குமாஸ்தா என்றும் பந்தைத் தொட்டதே இல்லை என்றும் சொல்லியிருக்கிறார். அன்றிலிருந்து கீழ்பென்னாத்தூரில் தசரதன் தெருவில் நடந்தால் சைக்கிளில் போகிறவன்கூட மூக்கைத் தடவிக் காட்டுகிறானாம். அவர் வள்ளியைக் கொண்டுவந்து அம்மா வீட்டில் விட்டுவிட்டுப் போய்விட்டார். அவள் புருஷன் அப்பா பேச்சைத் தாண்ட மாட்டான்.

இதை டெனிஸிடம் சொன்னேன். கால் போன பிறகு அவன் சிரித்து அன்றைக்குத்தான் பார்த்தேன். உங்கள் கடை விலாசம் கேட்டு எழுதிக்கொண்டான். எனக்குச் சிரிப்பு வரவில்லை. வள்ளி அவள் வீட்டுக்குத் திரும்பிப் போகும்வரை எனக்கு மாமன் என்று யாரும் கிடையாது. எழுதாதீர்கள்.

பலராமன்


திருவண்ணாமலை
22-3-1977

பலராமனுக்கு,

எழுதாதே என்றாய், எழுதுகிறேன். முதல் விஷயம், வள்ளி வெள்ளிக்கிழமை கீழ்பென்னாத்தூர் போய்விட்டாள். தசரதனே வந்து அழைத்துக்கொண்டு போனார். இரண்டாவது விஷயம், அது என்னால் நடந்தது.

டெனிஸ் வந்திருந்தான். பெங்களூர் பஸ்ஸிலிருந்து இறங்கி, ஒரு காலை இழுத்து இழுத்து, சீட்டைக் காட்டி விசாரித்துக்கொண்டு கடை வாசலுக்கே வந்துவிட்டான். நான் நினைத்ததைவிடக் குள்ளம். எதிர் டீக்கடை தருமன் சும்மா இருப்பானா? "இன்னா காசி, இது ரெண்டாவது சரக்கா? இவுரு பேசுவாரா?" என்றான். நிஜ ஆளைப் பக்கத்தில் வைத்துக்கொண்டு நம்ப ஒரு ஆள் இல்லாமல் நின்றேன். அவனுக்கு ஒரு கலர் சோடா உடைத்துக் கொடுத்தேன்.

மறுநாள் அவனைக் கீழ்பென்னாத்தூருக்குக் கூட்டிப் போனேன். தசரதன் பந்தை எடுத்து வந்தார். என்னைத் தாண்டட்டும் பார்க்கலாம் என்று டெனிஸ் சைகை காட்டினான். தசரதன் இடது பக்கம் போவது போல் போய் வலது பக்கம் வெட்டினார். டெனிஸ் அந்த நொண்டிக் காலைப் பூப் போல நீட்டினான். பந்து அவனிடம், தசரதன் மண்ணில். எழுந்து வந்து என் இரண்டு கையையும் பிடித்துக்கொண்டு, சந்தேகப்பட்டதற்கு மன்னிக்க வேண்டும் என்றார். ஊரே பார்த்தது.

காசி

கையெழுத்துப் போட்டுவிட்டேன். மடிப்பில் இடம் மீதி இருக்கிறது. டெனிஸ் திரும்பி வந்ததும் நீ எப்படியும் துருவுவாய், அதனால் நானே எழுதிவிடுகிறேன்.

அவன் வந்தது நிஜம். கலர் குடித்தது நிஜம். மலை சுற்றப் போனவன் பாதியிலேயே முழங்கால் வீங்கி மாட்டு வண்டியில் திரும்பினான். லாட்ஜில் காலைத் தொங்கப்போட்டு உட்கார்ந்து, எனக்குப் புரியாது என்று தெரிந்தும் நெடுநேரம் பேசினான். பந்து காலில் பட்டதைக் கையாலேயே காட்டினான், திரும்பத் திரும்ப அதையே. அவனைக் கீழ்பென்னாத்தூருக்குக் கூப்பிட எனக்கு வாய் வரவில்லை.

தனியாகப் போனேன். தசரதன் வீட்டு வாசற்படியில் நின்று, உங்களுக்கு எங்கள் பலராமன் எழுதினதுதான் உண்மை, நான் சொன்னது பொய் என்றேன். வீட்டார் எல்லாரும் இருந்தார்கள். காலில் விழுந்தது நான். மண்ணில் கிடந்ததும் நான்தான்.

அவர் திண்ணையில் உட்கார்ந்தார். "நெசமாவே அந்தப் புள்ள சேம்சைடு கோல் போட்டுச்சா?" என்றார். ஆமாம் என்றேன்.

"வேலூர்ல ஒரு ஃபைனல்ல நானும் ஒண்ணு போட்டேன்யா. ரொம்ப நாளைக்கு எவன் மூஞ்சியிலயும் முழிக்கல." அப்புறம் உள்ளே திரும்பி மனைவியிடம் சொன்னார், "வெள்ளிக்கெழம நாள் நல்லாக்கீதா பாரு. போயி மருமவள கூட்டியாரலாம்."

நீ சொன்னபடி பார்த்தால் நான் மறுபடியும் மாமன் ஆகிவிட்டேன். அதற்காக நீ ஒன்றும் எழுத வேண்டியதில்லை. போஸ்ட்மேன் எங்கள் தெருவுக்குப் பதினோரு மணிக்கு வருகிறான், அது வேறு விஷயம்.

கா.