இடப்பக்கத்து இரண்டு வால்வுகள்

மார்ச் 4, செவ்வாய்

மூன்று வருடமாகப் பேசாத அண்ணன் இன்று தன் பழைய வால்வு ஆம்ப்ளிஃபயரைத் தூக்கிவந்து என் வேலை மேசையில் வைத்தான். "நீ கை வச்சதுல இருந்துதான் இடப்பக்கம் சத்தம் கம்மி. நீயே சரி பண்ணு." தண்ணீர்கூடக் குடிக்கவில்லை. மூன்று வருடத்துக்கு முன் ரிப்பேர் செய்தபோது நான் மாற்றியது ஒரே ஒரு கெப்பாசிட்டர். பாட்டுப் போட்டுக் கேட்டுவிட்டுத்தான் எடுத்துப் போனான். எத்தனை முறை சொல்வது? இந்தத் தடவையும் சரியாகாவிட்டால் எனக்கு அண்ணனே இல்லை.

மார்ச் 5

நான் கடைக்குப் போய்வந்த நேரத்தில் என் வீட்டுக்காரர் எனக்கு உதவி செய்திருக்கிறார். பல்பு மாதிரி இருக்கும் எட்டுக் கண்ணாடி வால்வுகளையும் ஸ்பிரிட் நனைத்த துணியால் பளபளவென்று துடைத்துவிட்டார். எது எந்த வகை என்று காட்ட கண்ணாடிமேல் அச்சிட்டிருந்த நம்பர் மொத்தமும் துணியில்! "ஒரே தூசி. கழட்டவே இல்ல, இருந்த இடத்துலயே வச்சுத்தான் தொடச்சேன்" என்கிறார், பெருமையாக. இருபது வருடக் கல்யாணத்தில் — வேண்டாம், எழுதினால் நோட்டு தீர்ந்துவிடும்.

மார்ச் 6

இவரோடு பேசவில்லை.

மார்ச் 7

ப்ளக்கைப் பிடுங்கி, கெப்பாசிட்டரில் மிச்சமிருந்த கரண்ட்டை இறக்கி, மீட்டரில் பூஜ்யம் பார்த்த பிறகுதான் கை வைத்தேன். அடிப்பக்கம் பிடித்து, லேசாக அசைத்து, நேராக மேலே. பெரியது நான்கு, சின்னது நான்கு. எது எங்கே இருந்தது என்று தாளில் படம் போட்டு அதன்மேலேயே படுக்க வைத்தேன். ஒவ்வொன்றையும் வாயருகே வைத்து மூச்சு விட்டால், ஆவி படிந்த கண்ணாடியில் அழிந்த நம்பர் ஒரு நொடி தெரிந்து மறைகிறது. ஆறு தெரிந்தன. இடப்பக்கத்துச் சின்ன வால்வுகள் இரண்டிலும் ஒன்றுமே இல்லை.

வேறு வழியில்லாமல் இவரிடம் கேட்டேன். அந்த இரண்டும் முன்பே மொட்டையாகத்தான் இருந்தனவாம். இவரை நம்புவதா?

உள்ளே தெரியும் தகடுகளை வலப்பக்கத்து ஜோடியோடு வைத்துப் பார்த்தேன். இடப்பக்கத்து இரண்டும் இடம் மாறி உட்கார்ந்திருந்தன. அன்னிக்கு இதையெல்லாம் நான் கழட்டினேனா? ஐயோ, ஞாபகமே வரமாட்டேங்குதே. நான்தானா?

மார்ச் 8

மாற்றிச் செருகினேன். இரண்டு பக்கமும் சமமாகப் பாடுகிறது. சந்தோஷப்படத்தான் முடியவில்லை. அண்ணனுக்கு போன் செய்து, இவர் துடைத்ததையும், இரண்டு வால்வுகள் இடம் மாறியிருந்ததையும், மாற்றியது நானாகக்கூட இருக்கலாம் என்பதையும் சொல்லிவிட்டேன்.

"நீ இல்ல. வீட்டுக்குக் கொண்டுபோன வாரமே நான்தான் அது ரெண்டையும் கழட்டித் தொடச்சேன். நம்பர் போயிடுச்சு. எது எங்கன்னு தெரியாம சொருகிட்டேன். அப்புறம் உன்கிட்ட சொல்ல வாய் வரல."

மூன்று வருடம்! போனை வைத்துவிட்டேன். அழுகை வந்தது, கோபத்தில்தான்.

மார்ச் 9, ஞாயிறு

அண்ணன் வந்தான். தண்ணீர் குடித்தான், சாப்பிட்டான். மன்னிப்புக் கேட்கவெல்லாம் அவனுக்குத் தெரியாது. நான் பாத்திரத்தை ஒழித்துப் போட்டுவிட்டு வந்து பார்த்தால், அவனும் இவரும் மேசைமுன் தலையோடு தலை முட்டி நிற்கிறார்கள். பெரிய வால்வு ஒன்றில் கைரேகை தெரிகிறதாம். இவர் கையில் துணி.

துணியைப் பிடுங்கிக்கொண்டு இரண்டு பேரையும் அறையைவிட்டுத் துரத்தினேன். ஆம்ப்ளிஃபயரை எடுத்துப் போ என்றால் கேட்கவில்லை. இங்கேயே இருக்கட்டும், நாளைக்கு வந்து பாட்டுக் கேட்டுக்கொள்கிறேன் என்று வெறுங்கையோடு போனான்.