வலிக்கவில்லை என்று நீ சொன்னாய்

இன்று காலையும் கசாப்புக் கூடத்திலிருந்து மாட்டின் அட்ரினல் சுரப்பிகள் ஐஸ் பெட்டியில் வந்தன. மூடியைத் திறந்ததும் பச்சை ரத்த வாடை. கூடவே நினைவில் உன் குரல்: "இன்னாடி, இன்னிக்கும் கறி வாடையோட வந்துகீறியா? குளிச்சிட்டு வா, அப்பால சோறு."

ஒரகடத்தில் தோழிகளாக ஒரே அறையில் இரண்டு வருடம் இருந்தோம். நீ கம்பெனியின் உற்பத்தி லைனுக்குப் போவாய், நான் தண்டலம் பக்கம் ஆய்வகத்துக்கு. அங்கே என்னதான் செய்கிறாய் என்று ஒருநாள் கேட்டாய். பயந்தாலோ அடிபட்டாலோ நரம்பு முனைகள் நியூரோபெப்டைடு என்னும் புரதத் துணுக்குகளை இந்தச் சுரப்பிக்குள் விடும். அவை தூண்டினால் செல்கள் அட்ரினலினோடு என்கெஃபலினையும் கொட்டும், உடம்பு தானே காய்ச்சும் அபின் அது, எந்தத் துணுக்கு எவ்வளவு கொட்டவைக்கிறது என்று அளக்கிறேன் என்றேன்.

"ஒரு பாட்டில் எட்தாடி. ஓவர்டைம் பாக்கும்போது போட்டுக்கிறேன்" என்று சிரித்தாய்.

அந்தச் செவ்வாய்க்கிழமை டீ இடைவேளையில் போன் செய்தாய். சரக்குத் தூக்கும் ஃபோர்க்லிஃப்ட் பின்பக்கமாக வந்து உன்னை ரேக்கோடு நெருக்கியிருந்தது. "வயித்துல நல்லா இடிச்சிட்சுடி. ஆனா வலியே இல்ல பாரேன். சூப்பர்வைசர் லைனுக்குப் போன்னு சொல்றாரு."

"உன் அட்ரினல் சூப்பரா வேலை செய்யுது" என்றேன். படித்த திமிர். நீயும் சிரித்துவிட்டு லைனுக்குப் போனாய். மதியம் அங்கேயே விழுந்தாய். மண்ணீரல் கிழிந்து ரத்தமெல்லாம் வயிற்றுக்குள்ளேயே போயிருந்தது. நீ பிழைக்கவில்லை.

"தொழிலாளி வலி இல்லை எனத் தெரிவித்தார்" என்று கம்பெனி எழுதிக் கொடுத்தது. உன் அம்மாவிடம் சூப்பர்வைசர், "அதுவே சொல்லிச்சும்மா, நாங்க இன்னா பண்றது?" என்றான். வலி தெரியாத அந்தச் சிறிது நேரம், அடிபட்ட உயிர் ஓடித் தப்பிக்க உடம்பு கொடுப்பது. அதையும் இவர்கள் உற்பத்தியில் சேர்த்துக்கொண்டார்கள். அந்த அபினில் சுரப்பியின் பங்கு எவ்வளவு, மூளையின் பங்கு எவ்வளவு என்று எனக்கே நிச்சயமில்லை. வண்டி இடித்தால் ஆஸ்பத்திரி என்று தெரிய அந்த சூப்பர்வைசருக்கு எந்த ஆய்வகமும் தேவையில்லை.

விபத்து விசாரணையில் இதைச் சொன்னேன். "நீங்க டாக்டரா?" என்றார்கள். இல்லை. உன் போனைப் பற்றியும் சொன்னேன், என் பதிலையும் மறைக்கவில்லை. உன் அம்மா அப்போதுதான் என்னைத் திரும்பிப் பார்த்தார். அதற்குப்பின் அவர் என்னோடு பேசவில்லை.

நேற்று சிங்கப்பெருமாள் கோவில் ஸ்டாப்பில் ஷேர் ஆட்டோ கிளம்பிவிட, இறங்கிக்கொண்டிருந்த ஒரு பெண் தலைகுப்புற விழுந்தாள். எழுந்து தூசியைத் தட்டினாள். "ஒன்னியும் இல்லக்கா, வலிக்கவே இல்ல. ஷிஃப்ட்டுக்கு லேட்டாவுது."

கையைப் பிடித்து ஆஸ்பத்திரிக்கு இழுத்துப் போனேன். வழியெல்லாம் என்னைத் திட்டினாள். திட்டட்டும்.