மாமாவின் இறைச்சிப் போத்தல்

12.06.1998, வெள்ளி இரவு

செத்துப்போன மாமாவுக்கு நேற்றுப் படையல். அவர் காட்டுப்பன்றி இறைச்சியைப் பொரித்து, எண்ணெய் ஊற்றி, மெழுகு வைத்து அடைத்த போத்தல் ஒன்று பரணில் இருந்தது. அவருக்குப் பிடித்தது என்று அதைச் சூடாக்காமலே இலையில் வைத்தோம். மூடியைத் திறந்தபோது புஸ்ஸென்று சத்தம் வந்தது.

"அப்பா மூச்சு விடுறாரு," என்று கொழுந்தன் செல்வம் சிரித்தான். என் வீட்டுக்காரர் விரதம். படைத்த இறைச்சியைச் செல்வம்தான் சாப்பிட்டான்.

இன்று காலையில் ரப்பர் மலைக்குப் பால் வெட்டப் போனவனைக் கைத்தாங்கலாகக் கூட்டி வந்தார்கள். காய்ச்சல் இல்லை. இமைகள் தொங்கின. தண்ணீர்கூட விழுங்க முடியவில்லை.

"மதினி, ஒங்க பக்கத்துல நிக்கிறது யாரு?" என்று குழறினான். என் பக்கத்தில் யாருமே இல்லை.

"அப்பாதான் வந்திருக்காரு," என்று இவர் கற்பூரம் ஏற்றினார். நல்ல மனுசன்! நான்தான் சண்டை போட்டு லொறி பிடிக்க வைத்தேன்.

அடைத்து வைத்த இறைச்சியில் விஷம் ஊறும், ஒன்று இரண்டாகத் தெரியும், பிறகு மூச்சே நிற்கும் என்றார் ஆஸ்பத்திரி டாக்டர். வேறு யார் சாப்பிட்டது என்று கேட்டார். யாருமில்லை என்றேன். செல்வத்தை அங்கேயே சேர்த்துவிட்டு வீட்டுக்கு வந்தோம்.

படைக்குமுன் உப்புப் பார்க்கக் கூடாது. நான் ஒரு துண்டு வாயில் போட்டிருந்தேன். இவர் பக்கத்தில் நிற்கும்போது அதை எப்படிச் சொல்வது?

இமை கனக்கிறது. தூக்கம் என்றுதான் நினைத்தேன். மாமா படத்துக்கு முன் ஒரு விளக்குத்தான் ஏற்றினேன். இரண்டு எரிகின்றன.

இவரை எழுப்ப வேண்டும். குரல் வருமா தெரியவில்லை.