இந்த ஊர் நேரம்

அன்புள்ள அம்மாவுக்கு வணக்கம். நான் சௌக்கியம். உன் முழங்கால் வலி தேவலையா?

எல்லா ஊர் நேரத்தையும் கணக்கிடும் பொது மென்பொருள் ஒன்றை வேறு கணினி மொழியில் மாற்றி எழுதுகிறேன் என்றேனே, அது நேற்று இந்த ஊருக்கு மட்டும் ஒரு மணி நேரம் தப்பாகக் காட்டியது. இங்கே கோடையில் கடிகாரத்தை முன்னே தள்ளிவைப்பார்கள், அதை விட்டுவிட்டேன். கூட வேலைசெய்யும் அக்கா நான் அதைச் சோதித்த விதத்தைப் பார்த்துச் சிரித்தார்.

"எல்லாத்தையும் உங்க ஊர் நேரத்துலயே சோதிச்சிருக்கியே! நீ இருக்கிறது இங்கப்பா."

அசடு வழிந்தேன். உடனே திருத்திவிட்டேன், கவலைப்படாதே.

என் கைக்கடிகாரம் நின்றுவிட்டது. நீ சாப்பிட்டிருப்பாயா, தூங்கியிருப்பாயா என்று பார்க்க முடியவில்லை. பேட்டரி ஒன்று அனுப்பு, நானே போட்டுக்கொள்கிறேன். இங்கே கடையில் கொடுத்தால் இந்த ஊர் நேரத்தை வைத்துவிடுவார்கள்.

பஸ் வந்துவிட்டது.

உன் மகன்