அவள் மடி இறுகியது

அன்புள்ள அம்மாவுக்கு ஸ்தோத்திரம். சர்க்கரை மாத்திரையைச் சாப்பாட்டுக்கு முன்பே போடுகிறீர்களா? ஓசூர்க் குளிர் எனக்குப் பழகிவிட்டது.

நேற்று கெலமங்கலத்திலிருந்து சுமலதா என்ற பெண் வந்தாள். அவளுடைய எட்டு மாதக் குழந்தைக்கு நான் பொருத்திய காது கேட்கும் கருவி பயன்படுகிறதா என்று பார்க்க வேண்டும். ஒலி கேட்டுக் குழந்தை திரும்பினால் பக்கத்திலுள்ள பொம்மையில் விளக்கு எரியும். தாயின் மடியில் உட்கார்ந்தபடி ஒவ்வொரு முறையும் திரும்பியது. சுமலதா அழுதேவிட்டாள். எனக்குத்தான் சந்தேகம். ஒலி வரும்போதெல்லாம் அவள் மடி இறுகியது. அதை உணர்ந்துதான் குழந்தை திரும்பியது. ஒலி அவளுக்குக் கேட்காதபடி ஹெட்போன் மாட்டிப் பாட்டுப் போட்டேன். இப்போது ஒலி கொடுத்தும் குழந்தை அசையவில்லை.

"நல்லா இருந்ததக் கெடுத்துட்டீங்களே சார்" என்றாள்.

நம் வீட்டிலும் எனக்கு இதே பெயர்தானே. கிணற்றைத் தூர்த்து வீடு கட்டாதே என்றதற்காகத்தான் தம்பி என்னைப் புது வீட்டுப் பிரதிஷ்டை ஜெபத்துக்கு அழைக்கவில்லை. நான் மறக்கவில்லை.

கருவியின் அளவைத் திருத்தி மறுபடி ஒலி கொடுத்தேன். சுமலதா பாட்டைக் கேட்டுக்கொண்டே இருந்தாள். இம்முறை ஒலி கேட்டே குழந்தை திரும்பியது என்பது எனக்கு மட்டும்தான் தெரிந்தது.

கொஞ்சம் சுக்குப்பொடி அனுப்புங்கள். ஞாயிறு ஆராதனை முடிந்ததும் கூப்பிடுவேன். போனை உடனே தம்பியிடம் கொடுத்துவிடாதீர்கள். நீங்களே எதையாவது பேசிக்கொண்டிருங்கள்.

அடுத்த குழந்தை வந்துவிட்டது.

எட்சன்