பத்தாவது பெயர்

வடக்கனந்தல்
8.2.2005

அன்பு மகள் தபீத்தாளுக்கு அம்மா எழுதுவது. இங்கே உடம்புக்கு ஒரு குறையும் இல்லை, மனசுதான் பத்து நாளாக ஓரிடத்தில் உட்கார மாட்டேன் என்கிறது, அங்கே உனக்கு உடம்பும் மனசும் இரண்டும் நன்றாக இருக்க ஆண்டவர் காக்கட்டும். கென்யாவிலிருந்து நீ போட்ட ஆறு பக்கக் கடிதம் போன மாதம் இருபத்தொன்பதாம் தேதி வந்து சேர்ந்தது. சின்னராசு மாமாவுக்குக் கரும்பு வெட்டு நடக்கிறது, ஆள் கிடைக்கவில்லை என்று தானே கத்தியை எடுத்துக்கொண்டு இறங்கியவர் மூன்று நாளாக முதுகைப் பிடித்துக்கொண்டு படுத்திருக்கிறார், அத்தை தைலம் தேய்த்துவிட்டபடியே, அம்பது வயசுல இன்னா வீரம் வேண்டிக்கெடக்குது உனுக்கு, கரும்பு ஆல வண்டியில உன்னியும் கட்டித் தூக்கிப் போட்டு அனுப்பிடறேன் என்று திட்டுகிறாள். வெள்ளாடு இரண்டு குட்டி போட்டது. எங்கள் நூலகத்தில் ஓடு மாற்றியாயிற்று, இனி மழை வந்தால் புத்தகங்களைத் தூக்கிக்கொண்டு ஓட வேண்டியதில்லை. நீ மலேரியா மாத்திரையை விடாமல் போடு, நர்சு வேலை பார்க்கிறவர்கள்தான் தங்கள் உடம்பைப் பார்க்க மாட்டார்கள் என்று உன் ஆஸ்பத்திரியிலேயே பார்த்திருக்கிறேன்.

ஞாயிற்றுக்கிழமை நீ போன் செய்தபோது என் குரல் ஏன் இப்படி இருக்கிறது என்று இரண்டு தடவை கேட்டாய், சளி என்றேன். சளி இல்லை. ஆதிமூலம் போன் கடையில் எனக்குப் பின்னால் நாலு பேர் நின்றுகொண்டு, யக்கா சீக்கிரம் முடி, நானும் துபாய்க்குப் பேசணும் என்று அவசரப்படுத்தும்போது பேசுகிற விஷயமும் இல்லை இது. சபையிலிருந்து உங்களுக்குப் பின்னால் அங்கே போகிற இரண்டாவது குழு வெள்ளிக்கிழமை புறப்படுகிறது, ஜெயம்மாள் டீச்சர் கையில் இதைக் கொடுத்தனுப்புகிறேன், தபாலை நம்பினால் மாதக் கடைசிக்குள் உன் கைக்கு வராது. உறையை நன்றாக ஒட்டியிருக்கிறேன். தனியாக இருக்கும்போது படி.

உன் கடிதத்தின் நான்காம் பக்கத்தை நான் எத்தனை முறை படித்தேன் என்று தெரியவில்லை. விடுதியில் சேர்க்கப்போகும் பிள்ளைகளின் பட்டியலுக்காக விதவைகளை வரிசையாக உட்காரவைத்துப் படம் எடுத்தோம், அதில் ஒருத்தி தலையில் சிவப்புத் துணியும் காதில் வளையல் அளவுக்குக் கம்மலுமாக வந்து சிரித்துக்கொண்டே இருந்தாள், படத்துக்காக அந்தத் துணியையும் கம்மலையும் கழற்றச் சொன்னால் மாட்டேன் என்றாள், புருஷனை இழந்தவள் மாதிரியா இருக்கிறாள், கல்யாணத்துக்கு வந்தவள் மாதிரி இருக்கிறாள் என்று எங்கள் குழுத் தலைவர் சொன்னதும் எல்லாரும் சிரித்துவிட்டோம், அவள் இரண்டு பிள்ளைகளையும் இழுத்துக்கொண்டு எழுந்து போனாள், நான் அவள் பெயரை அடித்துவிட்டேன் என்று எழுதியிருந்தாய். எனக்குச் சிரிப்பு வரும் என்று நினைத்துத்தான் எழுதியிருப்பாய். படித்த அன்றைக்குச் சோறு வடிக்கும்போது கஞ்சியைக் காலில் ஊற்றிக்கொண்டேன். நூலகத்தில் ஒருவர் விவசாயப் புத்தகம் கேட்டார், நான் ஜோசியப் புத்தகத்தை எடுத்துக் கொடுத்திருக்கிறேன், அவரும் பேசாமல் வாங்கிக்கொண்டு போயிருக்கிறார். ஏன் என்று உனக்குச் சொல்ல வேண்டும். இதை நான் யாருக்கும் சொன்னதில்லை, உன் மாமாவுக்கும் தெரியாது.

உன் அப்பா கரும்பு லாரி கவிழ்ந்து இறந்தபோது எனக்கு இருபத்திரண்டு வயது, உனக்கு நாலு. எஸ்.எஸ்.எல்.சி. படித்தவள் என்பதால் மறு வருஷமே பிச்சைமுத்து உபதேசியார் என்னைச் சபையின் எழுத்து வேலைக்குச் சேர்த்தார், உனக்கு அது நினைவிருக்கும். வெளிநாட்டுச் சபை ஒன்று கல்ராயன் மலையில் தகப்பனில்லாத பத்துப் பிள்ளைகளைக் கள்ளக்குறிச்சி விடுதியில் சேர்த்துப் படிப்பு முடியும்வரை பார்த்துக்கொள்வதாகச் சொல்லியிருந்தது. மலைப் பிள்ளைகளுக்கு மட்டும் என்று கடிதத்திலேயே இருந்தது, நான்தான் அதைப் படித்துத் தமிழில் சொன்னேன். நானும் உபதேசியாரும் ஊர் ஊராக நடந்து பத்துப் பேரை எழுதினோம். பத்தாவது பெயர் பூமாலை, உன் வயதுதான். அவள் அம்மா செல்லியம்மாள். அவள் புருஷன் சடையன் தேன் எடுக்கப் போய்ப் பாறையிலிருந்து விழுந்து இறந்துபோயிருந்தான்.

வெளிநாட்டுக்காரர்கள் வந்து படம் எடுக்கும் நாளில் தாய்மார் பத்துப் பேரையும் பிள்ளைகளோடு பஸ்ஸில் கீழே விடுதிக்குக் கூட்டிவந்தோம். அவர்கள் ஊருக்குப் போகிறோம் என்று தலை வாரிப் பூ வைத்துக்கொண்டு, கழுத்து நிறையப் பாசிமணி போட்டுக்கொண்டு வந்திருந்தார்கள். எங்களுக்குத் திக்கென்றது. இவர்களைப் பார்த்தால் விதவை என்று யார் நம்புவார்கள் என்று நாங்களாகவே முடிவு செய்தோம், வந்த விருந்தாளிகள் ஒரு வார்த்தை கேட்கவில்லை. நம் பக்கத்தில் பதினாறாம் நாள் எனக்கு என்ன செய்தார்களோ அதுதான் விதவை என்று எனக்கும் தோன்றியது. எத்தனையோ புத்தகம் படித்தவள்தான், அந்த நேரத்தில் அதில் ஒரு வரியும் கைகொடுக்கவில்லை. வெள்ளைச் சேலை பத்து வாங்கி வைத்திருந்தோம், நான்தான் ஒவ்வொருத்தியாகக் கூப்பிட்டு, பூவை எடு, மணியைக் கழற்று என்று சொன்னேன். ஒன்பது பேர் கழற்றினார்கள். செல்லியம்மாள் மட்டும் மணியைக் கையால் பிடித்துக்கொண்டு, இது எங்கம்மா எனுக்குப் போட்டது, அவன் கட்னது இல்ல, அவன் செத்ததுக்கு இத இன்னாத்துக்கு அவுக்கணும் என்று கேட்டாள். படத்துக்குத்தான், அப்புறம் போட்டுக்கொள் என்றேன். படத்துல இருக்கறவ நான் இல்லன்னா அவளுக்கே சோறு போட்டுக்கோங்க என்று சொல்லிவிட்டு, பூமாலையைத் தூக்கி இடுப்பில் வைத்துக்கொண்டு படியிறங்கிப் போனாள். வாசல்வரைக்கும் மெதுவாகத்தான் நடந்தாள். நான் கூப்பிடவில்லை.

பட்டியலில் ஒரு இடம் காலியாக நின்றது. விருந்தாளிகள் ஜீப்பை விட்டு இறங்கிக்கொண்டிருந்தார்கள். உபதேசியார் என் பக்கம் குனிந்து, உன் புள்ள பேர எழுதும்மா அமிர்தம், அதுவும் தகப்பன் இல்லாததுதானே என்றார். எழுதினேன். பூமாலை என்பதை அடித்து அதன் மேலேயே தபீத்தாள் என்று எழுதினேன். பத்தாவது வெள்ளைச் சேலையை நான் கட்டிக்கொண்டேன், விடுதிக் கூடத்தில் சட்டம் போட்டு மாட்டியிருந்த படத்தில் கடைசியில் நிற்கிற நான் ஏன் மலைக்காரிகளோடு நிற்கிறேன் என்று சின்ன வயதில் நீ கேட்டிருக்கிறாய், உதவிக்கு நின்றேன் என்று சொன்னேன். உன் விடுதி, உன் ஆங்கிலம், நர்சுப் படிப்பு, கென்யாவுக்கு நீ ஏறிப்போன விமானம்வரை அந்த இடத்திலிருந்து வந்ததுதான். அவளை அனுப்பியது உனக்காக அல்ல, அந்த நிமிஷத்தில் உன் நினைப்பே எனக்கு இல்லை. ஆனால் இடம் காலியானதும் ஓடிப்போய் அவளைத் திருப்பிக் கூட்டிவர இருபது அடி நடந்திருந்தால் போதும், நான் நடக்கவில்லை, அதற்கு என்ன காரணம் என்று பதினெட்டு வருஷத்தில் பல காரணங்களை எனக்கு நானே சொல்லிப் பார்த்துவிட்டேன்.

உன் கடிதம் வந்த பிறகு இருப்புக் கொள்ளவில்லை. போன வெள்ளிக்கிழமை நூலகம் விடுமுறை, வெள்ளிமலை பஸ்ஸில் ஏறிவிட்டேன். வளைவுக்கு வளைவு இறங்கித் திரும்பிவிடலாமா என்றுதான் இருந்தது, கண்டக்டர்கூட, இன்னாக்கா, வாந்தி வருதா, முன்னால வந்து குந்து என்றார். பழைய நினைவில் பாதையைத் தவறவிட்டு, மரவள்ளிக் காட்டில் ஒரு கிழவரைக் கேட்டு அவள் ஊரைப் பிடித்தேன். செல்லியம்மாள் வீட்டு வாசலில் கடுக்காய் காயவைத்துக்கொண்டிருந்தாள். தலை நரைத்துவிட்டது, கழுத்தில் மணி இருக்கிறது. நான் யார் என்று சொல்வதற்கு முன்பே என்னைப் பார்த்து, கண்ணாடி போட்டுட்ட, ஆனா நீதான, எம் மணிய அவுக்கச் சொன்ன பொண்ணு என்றாள். கோபமாகச் சொல்லவில்லை, பழகினவளைக் கேட்பதுபோல் கேட்டாள், அதுதான் எனக்குத் தாங்கவில்லை. தண்ணீர் கொடுத்தாள். மூன்று வருஷம் கழித்து வேறொருவரைக் கட்டிக்கொண்டாளாம், அவர் நல்ல மனுஷன், ஆனால் வருஷா வருஷம் கரும்பு வெட்டக் கீழ்நாட்டுக்கு எல்லாரும் போக வேண்டியிருந்தது, பூமாலையும் எட்டு வயதிலிருந்து கூடப் போனாள். பிறகு அவளே கேட்டாள், ஏம்மா, எம் பொண்ணுக்குன்னு ஒரு எடம் வெச்சிருந்தீங்களே, அது யாருக்குப் போச்சு என்று.

பொய் சொல்ல வாய் வரவில்லை. என் பிள்ளைக்கு என்றேன். அவள் கடுக்காயைத் தள்ளிப் பரப்பினாள். பிறகு உள்ளே பார்த்து, ஏ பூமாலை, வெளிய வா, உன் எடத்துல படிச்ச பொண்ணோட அம்மா வந்துகினு கீறாங்க என்று கூப்பிட்டாள். பூமாலை கைக்குழந்தையோடு வந்து நின்றாள், உன் உயரம்தான் இருப்பாள். உன் பொண்ணு இன்னா படிச்சிருக்குது என்று கேட்டாள், நர்சு என்றேன், எங்க ஊருக்கு நர்சம்மா வாரத்துல ஒரு நாளுதான் வருது, மழைன்னா அதுவும் கெடையாது, இங்க வரச் சொல்லேன் என்றாள். அவள் ஆப்பிரிக்காவில் இருக்கிறாள், அங்கே புருஷனை இழந்தவர்களுக்கும் தாய் தகப்பன் இல்லாத பிள்ளைகளுக்கும் உதவி செய்யப் போயிருக்கிறாள் என்றேன். சொல்லும்போதே என் குரல் எனக்குப் பிடிக்கவில்லை. செல்லியம்மாள் கையை நிறுத்தி என்னை நிமிர்ந்து பார்த்து, அங்கயும் மணிய அவுக்கச் சொல்லுதா என்று கேட்டாள்.

அவளுக்கு என்ன தெரியும், பழைய விஷயத்தைக் குத்திக் கேட்டாள், அவ்வளவுதான். ஆனால் என் பையில் உன் கடிதம் இருந்தது. நான் பஸ்ஸுக்கு நேரமாகிறது என்று எழுந்து வந்துவிட்டேன். இறங்குகிற பஸ்ஸில் உட்கார இடம் இருந்தும் நின்றுகொண்டே வந்தேன்.

உன்னைக் குற்றம் சொல்வதற்காக எழுதவில்லை தபி, எனக்கு அந்தத் தகுதி கிடையாது, நான் செய்ததை நான் சுமந்தாயிற்று. இதைச் சொன்னதற்காக நீ என்மேல் கோபப்படலாம், படித்த படிப்பே கசந்துபோகலாம், அந்தப் பயத்தில்தான் இத்தனை வருஷம் வாயை மூடிக்கொண்டிருந்தேன். ஆனால் உங்கள் பட்டியல் இருபத்தெட்டாம் தேதிதான் போகிறது என்று நீயே எழுதியிருக்கிறாய். பூமாலைக்கு இனி இடமில்லை, அந்தக் கென்யாக்காரியின் இரண்டு பிள்ளைகளுக்கு இன்னும் நாள் இருக்கிறது. ஜெயம்மாள் டீச்சர் வந்து சேர்ந்த மறுநாளே போ. தலைவர் என்ன சொல்வாரோ என்று பார்க்காதே, படத்தில் அவள் சிவப்புத் துணியோடும் கம்மலோடும் சிரித்துக்கொண்டே இருக்கட்டும், அதைப் பார்த்து உதவியை நிறுத்துகிறவன் எங்கேயும் இல்லை, இருப்பான் என்று நாம்தான் நினைத்துக்கொள்கிறோம். அவள் கதவைத் திறக்கவில்லை என்றால் மறுநாளும் போ. வேறு யாரையும் அனுப்பாதே.

ஜெயம்மாள் டீச்சரிடம் எலுமிச்சை ஊறுகாயும் இரண்டு பருத்திச் சேலையும் கொடுத்திருக்கிறேன், வெயிலில் குடை இல்லாமல் நடக்காதே, கொதித்த தண்ணீர் குடி. வருகிற வெள்ளிக்கிழமை நான் மறுபடி மலைக்குப் போவேன். சொல்லாமல் வந்த பதிலைச் செல்லியம்மாளிடம் உள்ளபடி சொல்லிவிடுவேன், ஆமாம், அங்கேயும் அப்படித்தான் நடந்தது, திருத்தச் சொல்லி எழுதியிருக்கிறேன் என்று. அதற்குமேல் என்ன நடந்தது என்று கேட்டால் சொல்ல எனக்கு உன் கடிதம் வேண்டும். ஆண்டவர் உன் கால்களுக்குத் தைரியமும் கைகளுக்குப் பொறுமையும் தரட்டும், போகிற வீடெல்லாம் உன்னை உள்ளே வா என்று சொல்லட்டும். முக்கியமாக ஒன்று, அவள் பெயரைக் கேட்டு எழுது. நீ எழுதிய ஆறு பக்கத்தில் அவள் தலைத்துணியின் நிறம் இருக்கிறது, கம்மலின் அளவு இருக்கிறது, பெயர் இல்லை. இரவு ஜெபத்தில் அவளை எப்படிச் சொல்வது என்று தெரியாமல் பத்து நாளாக நடுவில் நிறுத்திவிடுகிறேன்.

உன்னை எப்போதும் நினைத்திருக்கும் அம்மா,
அமிர்தம்