அன்னக்கொடி பேரில் வந்த துணுக்கு

வில்லாபுரம், மதுரை.
18-10-83, செவ்வாய்க்கிழமை

என் தாயி அன்னக்கொடிக்கு அப்பா எழுதுறது. இங்க நானும் உங்கம்மாவும் ஒடம்பளவுல சொகமா இருக்கோம், மனசைப் பத்திக் கீழ எழுதுறேன். அங்க நீயும் மாப்பிள்ளை நல்லகாமனும் சம்பந்தி வீட்டாரும் நோய் நொடி இல்லாம இருக்கணும்னு மீனாட்சியைக் கும்பிட்டுக்கிட்டுத்தான் பேனாவைத் தொறந்தேன். இந்தக் கடிதாசி தபால்ல வரலையேன்னு தெகைக்காதே. எங்க பஸ் டிரைவர் பேயாண்டியோட மச்சான் சோணை, அதான் பிலாய்ல மாப்பிள்ளை வேலை பாக்குற அதே ஸ்டீல் பிளாண்டுல வெல்டரா இருக்கானே, அவன் லீவு முடிஞ்சு நாளைக்கு ரயிலேறுறான். அவன் கையில குடுத்து அனுப்புறேன். ஒன் கையில மட்டும்தான் குடுக்கணும், வேற யாரு கதவைத் தொறந்தாலும் முறுக்குப் பொட்டலத்தை மட்டும் குடுத்துட்டு, மறுநா திரும்பப் போய்ப் பாக்கணும்னு அவன்கிட்ட நாலு தடவை சொல்லிட்டேன். எதுக்கு இம்புட்டு ஒளிவு மறைவுன்னு கேப்பே. சொல்றேன். எப்பவும் மொத வரியிலயே ஒன்னைச் சிரிக்க வச்சுட்டுத்தான் மத்த வெவரம் எழுதுவேன். இந்தத் தடவை அப்படி ஒரு வரி எனக்கு வரலை.

ஒங்கிட்டேருந்து லெட்டர் வந்து இன்னியோட நாப்பத்திரண்டு நாள் ஆச்சு. பதினஞ்சு நாளுக்கு ஒண்ணு தவறாம எழுதுற புள்ள. எனக்கு ஒரு எடத்துல உக்கார முடியலை தாயி. காலையில சவரம் பண்ணிட்டு, பண்ணினதை மறந்து திரும்பவும் சோப்பு நொரையைப் பூசிக்கிட்டுக் கண்ணாடி முன்னால நிக்கிறேன். ரேடியோவைத் தொறக்குறேன், பாதிப் பாட்டுல மூடுறேன், மூடின கையோட திரும்பத் தொறக்குறேன். போன ஞாயித்துக்கெழமை மனசு கொஞ்சம் மாறட்டும்னு மேட்னி ஷோவுக்குப் போனேன். எழுத்துப் போடுறதுலேருந்து வணக்கம் போடுற வரைக்கும் அசையாமப் பாக்குற ஆளு நான், இடைவேளையில கடலை வாங்க வெளிய வந்தவன் அப்படியே நடந்து வீட்டுக்கு வந்துட்டேன். என்ன படம்னு உங்கம்மா கேட்டா, எனக்குப் பேரே வரலை. வண்டியிலயும் இதே கதிதான். திருவாதவூர் ட்ரிப்புல ஒத்தக்கடை ஸ்டாப்புல ஒரு பெரியவர் ஒரு காலைப் படியில வச்சு மறு காலைத் தூக்குறதுக்குள்ள ரெட்டை விசில் குடுத்துட்டேன். பேயாண்டி கண்ணாடியில பாத்து பிரேக்கை அமுக்குனான், இல்லேன்னா என்ன ஆகியிருக்குமோ. என்னண்ணே, ஆளைக் கொல்லப் பாக்குறீகளான்னு அம்புட்டுப் பேரு முன்னாலயும் கத்துனான். இருபத்தாறு வருசம் கண்டக்டர் பையைத் தோள்ல மாட்டினவன், எறங்கிப் போய் அந்தப் பெரியவரைக் கையைப் புடிச்சு ஏத்திவிட்டேன்.

இம்புட்டுக்கும் காரணம் என்னோட பாழாப்போன பழக்கம்தான். ஊர்ல ஒவ்வொருத்தனுக்கும் ஒரு கிறுக்கு உண்டு. பேயாண்டிக்குச் சேவல், அடுத்த வீட்டு ஹரிராமுக்குக் கேரம் போர்டு, எனக்குத் துணுக்கு. வண்டியில எந்த சீட்டுல யாரு என்ன பேசினாலும் காது அங்க போயிரும். குறிச்சு வச்சுக்கிட்டு, வீட்டுக்கு வந்து எட்டு வரியில சுருக்கி, கார்டுல எழுதி வாரப் பத்திரிகைக்குப் போட்டாத்தான் எனக்குச் சோறு எறங்கும். ஒரே பேர்ல வாராவாரம் போட மாட்டாகன்னு உங்கம்மா பேர்ல, பேயாண்டி பேர்ல, செத்துப்போன உங்க தாத்தா விருமாண்டி பேர்லயெல்லாம் எழுதினது ஒனக்குத் தெரியும். விருமாண்டி பேருக்குப் பத்திரிகை வந்தப்ப, ஐயாவைக் கொஞ்சம் வெளிய வரச் சொல்லுங்க, ஒரு கும்பிடு போட்டுட்டுப் போறேன்னு தபால்காரர் வாசல்ல நின்னுக்கிட்டாரே, நான் மாலை போட்ட படத்தைக் காட்டவும் மனுசன் அரண்டுபோய்ப் படத்துக்கே கும்பிடு போட்டுட்டுப் போனாரே, அன்னைக்கு நீயும் நானும் வயிறு வலிக்கச் சிரிச்சோம். அந்த மாதிரிச் சிரிப்போட இது நின்னிருக்கணும். நிக்கலை.

ஆடியில ஒரு லெட்டர் எழுதியிருந்தியே, ஞாபகம் இருக்கும். அத்தை சீனி டப்பாவுக்குப் பூட்டுப் போட்டு சாவியை இடுப்புல சொருகிக்கிட்டாக, விருந்தாளி வந்தாத்தான் டப்பா தொறக்கும், அதனால யாராச்சும் வர மாட்டாகளான்னு தினமும் வாசலையே பாத்துக்கிட்டு இருக்கேம்ப்பான்னு எழுதியிருந்தே. அதை உங்கம்மாவுக்கு எப்படி வாசிச்சுக் காட்டியிருப்பேன்னு நான் சொல்ல வேண்டியதில்லை. ஒனக்கு ஒரு கொரல், உங்க அத்தைக்கு ஒரு கொரல், சாவி சொருகுறப்ப இடுப்பை வெட்டி ஒரு ஆட்டு. உங்கம்மா முந்தானையால வாயைப் பொத்திக்கிட்டுச் சிரிச்சா. சிரிப்பு அடங்குறதுக்குள்ள எனக்குக் கை அரிச்சுருச்சு. கார்டை எடுத்து எழுதிட்டேன். யாரு பேர்ல போடலாம்னு பாத்தேன், இது ஒன் சரக்கு, ஒன் பேர்தான் அச்சுல வரணும்னு நெனச்சு, ந. அன்னக்கொடி, பிலாய்னு போட்டுட்டேன். என் புள்ள பேரு அச்சுல வரணும்னு ஆசைதான், வேற ஒரு கெட்ட எண்ணமும் இல்லை. ஆவணி நடுவுல வந்துச்சு, கட்டம் கட்டி, மாமியார் படம் வரைஞ்சு. நான் நாலு காப்பி வாங்கி பஸ் ஸ்டாண்டு டீக்கடையில எல்லாருக்கும் வாசிச்சுக் காட்டினேன். அடுத்த லெட்டர்ல ஒனக்கும் ஒண்ணை வெட்டி அனுப்பலாம்னு எடுத்து வச்சிருந்தேன்.

போன புதன்கெழமைதான் எனக்குப் புத்தி வந்துச்சு, அதுவும் என்னாலயா வந்துச்சு? லெட்டர் வராத ஏக்கத்துல உங்கம்மா, நான் டூட்டிக்குப் போனப்புறம், ஒன்னோட பழைய லெட்டரையெல்லாம் எடுத்துக்கிட்டு ஹரிராம் சம்சாரம் கனகலட்சுமிகிட்டப் போயி, இதைத் திரும்ப ஒருக்கா படி, அவ பேசுற மாதிரி இருக்கும்னு உக்காந்திருக்கா. கனகலட்சுமி அஞ்சாங்கிளாசோட நின்னது, வெரலை வச்சு ஒவ்வொரு வார்த்தையா, கூடக்கொறைய இல்லாம, எழுதியிருக்கிறதை எழுதியிருக்கிறபடி படிக்கும். நான் சாயங்காலம் வந்தப்ப அடுப்பு மூட்டலை. கனகலட்சுமி கண்ணைத் தொடச்சுக்கிட்டு, எப்பவும் வாங்கண்ணேன்னு சொல்லுற புள்ள, என் மொகத்தைப் பாக்காம எந்திரிச்சுப் போயிருச்சு. உங்கம்மா லெட்டர் கட்டை மடியில வச்சுக்கிட்டு, புள்ள தினமும் வாசலைப் பாத்துக்கிட்டு இருக்காளாமே, எங்கிட்ட ஏன் சொல்லலைன்னு கேட்டா. சொன்னேனே, வாசிச்சுக் காட்டினேனே, நீயுந்தானே சிரிச்சேன்னேன். நீங்க ஆடின ஆட்டத்துக்குச் சிரிச்சேன், எம்புள்ள சொன்னது இன்னைக்குத்தான் என் காதுல விழுந்துச்சுன்னா.

அப்புறம் நானும் ஒன் லெட்டரையெல்லாம் எடுத்து வச்சு, கொரல் மாத்தாம, சத்தம் போடாம படிச்சுப் பாத்தேன். பழைய ரவிக்கையெல்லாம் திரும்பப் பத்துது, புதுசு தைக்கிற செலவு மிச்சம்னு எழுதியிருக்கே. இங்க என்னோட பேசுறது அம்மிக்கல்லு மட்டும்தான், நான் சொன்னா அது ஒரு நாளும் மறுத்துப் பேசுறதில்லைன்னு எழுதியிருக்கே. அந்த அம்மிக்கல்லைக்கூட நான் விட்டு வைக்கலை தாயி, அதையும் ஒரு கார்டுல பாதி எழுதி, முடிக்கிற வரி சரியா வரலைன்னு அலமாரியில வச்சிருந்தேன். அன்னைக்கே அதைக் கிழிச்சுப் போட்டேன், கிழிக்கும்போது என்னை நானே செருப்பால அடிச்சுக்கணும் போல இருந்துச்சு. தப்பு ஒன்னுது இல்லை. சின்னதுல நீ விழுந்து முட்டியைப் பேத்துக்கிட்டு வந்தா, அழுகுறதுக்குள்ள எதையாச்சும் சொல்லிச் சிரிக்க வச்சுட்டு, எம்புள்ள அழுகவே தெரியாத புள்ளன்னு ஊரெல்லாம் பெருமையடிச்சவன் நான். அழுகுறதையும் வேடிக்கையா எழுதுற புத்தியை ஒனக்குக் குடுத்தது நான்தான். அதைப் படிக்கத் தெரிய வேண்டியவனும் நான்தான். நான் எட்டு வரி ஆகுமா ஆகாதான்னு பாத்துக்கிட்டு இருந்திருக்கேன்.

இப்ப எனக்குப் பயம் என்னன்னா, அங்க தமிழ்ச் சங்கத்து வாசகசாலைக்கு இந்தப் பத்திரிகை பத்து நாள் பிந்தி வரும்னும், சம்பந்தி காசிமாயன் தினமும் அங்க போயி ஒரு வரி விடாமப் படிச்சுட்டு வருவாருன்னும் நீதான் எழுதியிருந்தே. பிலாய்ல அன்னக்கொடின்னு பேரு வச்சவ ஒன்னைத் தவிர இன்னொருத்தி இருப்பாளா? நான் கணக்குப் போட்டுப் பாத்தா, பத்திரிகை அங்க வந்த வாரத்துலேருந்துதான் ஒன் லெட்டர் நின்னிருக்கு. ஒன்னைத் திட்டினாகளோ, காயிதம் பேனாவைப் பிடுங்கி வச்சாகளோ, மாப்பிள்ளை என்ன சொன்னாரோ. இல்லை, நீயே அதைப் பாத்துட்டு, அப்பாகிட்டச் சொன்னா ஊருக்கே சொல்லிருவாருன்னு எழுதுறதை நிறுத்திட்டியோ. எனக்கு அதுதான் தாங்கலை. சோணைகிட்ட விசாரிச்சேன். தங்கச்சி நல்லாத்தான் இருக்கு, கொஞ்சம் எளச்சிருக்குன்னான். எம்புட்டுடான்னேன். கொஞ்சம்னு சொல்லிட்டு டீ கிளாசைப் பாத்துக்கிட்டு இருந்தான்.

நான் எழுதினதுதான்னு சம்பந்திக்கு ஒரு லெட்டர் போட்டு மன்னிப்புக் கேட்டுரலாம்னு எழுதியே வச்சுட்டேன். உங்கம்மாதான் தடுத்தா. அவுக அதைப் பாக்காம இருந்து, நீங்களா போய்க் காட்டிக்குடுத்தா எம்புள்ள கதி என்னாகும், ஒங்க எழுத்தே வேணாம்னுட்டா. அதுவும் சரியாத்தான் பட்டுச்சு. எழுதுனாலும் தப்பு, எழுதாட்டியும் தப்பு, நாலு நாளா வீட்டுக்கும் தெருமுக்குத் தபால்பெட்டிக்குமா நடந்துக்கிட்டே இருந்தேன். பேயாண்டி பாத்துட்டு, என்னண்ணே, தபால்பெட்டிக்குக் காவலான்னான். அவன்கிட்ட எல்லாத்தையும் கொட்டிட்டேன். நேர்ல போங்கண்ணே, லெட்டர்லயே குடும்பம் நடத்துறீகளேன்னான்.

இன்னொண்ணையும் சொல்லிர்றேன், மறைச்சு என்ன ஆகப்போகுது. சித்திரையில, ஒரு தடவை வந்து பாத்துட்டுப் போங்கப்பான்னு நீ எழுதினப்ப, லீவு இல்லை தாயின்னு எழுதினேன். லீவு இருந்துச்சு. திருச்சியில துணுக்கு எழுதுறவுக கூடுறாகன்னு நாலு நாள் லீவு போட்டு அங்க போயிட்டேன். மாலையெல்லாம் போட்டாக, நானும் கழுத்தை நீட்டினேன். அந்த நாலு நாள்ல ஒன் வாசலுக்கு வந்திருக்கலாம். உங்கம்மாவுக்கு இதை நேத்துத்தான் சொன்னேன். திட்டுவான்னு பாத்தேன், பொட்டியை எறக்கிச் சேலையை மடிச்சு வைக்க ஆரம்பிச்சுட்டா.

அதனால கேட்டுக்க. பதினஞ்சு நாள் லீவு எழுதிக் குடுத்து சாங்சன் ஆயிருச்சு. நானும் உங்கம்மாவும் வர்ற திங்கக்கெழமை சாயங்காலம் ரயிலேறுறோம். மெட்ராஸ்ல ஒரு வண்டி மாறி, நாக்பூர்ல ஒரு வண்டி மாறி, வியாழக்கெழமை காலையில அங்க இருப்போம்னு சோணை வழி எழுதிக் குடுத்திருக்கான். சண்டை போட வரலை. அவுக பாத்திருந்தா, எழுதினது நான்தான், எம்மகளுக்கு ஒண்ணும் தெரியாதுன்னு சம்பந்தி காலைத் தொட்டுச் சொல்லுவேன். பாக்காம இருந்தா வாயைத் தொறக்க மாட்டேன், ஒன் மொகத்தை மட்டும் பாப்பேன். அதுக்குள்ள யாராச்சும் கேட்டா, அப்பா எழுதினது, எனக்குத் தெரியவே தெரியாதுன்னு அடிச்சுச் சொல்லு, அதுதானே நெசம். தீபாவளிக்கு எங்களோட வரணும்னு தோணுச்சுன்னா வா. ரெண்டு மாசம் இருந்து ஒடம்பைத் தேத்திக்கிட்டு, மாப்பிள்ளை வந்து கூட்டிக்கிட்டுப் போகட்டும், நான் அவர்கிட்டப் பேசுறேன். இருக்கேன்னு சொன்னா அதுவும் ஒன் இஷ்டம். ஆனா எதைச் சொன்னாலும் அப்பா சிரிக்கணும்னு சொல்லாதே, உள்ளது உள்ளபடி சொல்லு, அழுகை வந்தா அழுதுக்கிட்டே சொல்லு, நான் குறுக்க ஒண்ணும் பேச மாட்டேன்.

இதைப் படிச்சதும் மறக்காம அடுப்புல போட்டுரு. பதில் எழுதி அனுப்பணும்னு செரமப்படாதே, நாங்க அதுக்குள்ள வந்துருவோம். வேளாவேளைக்குச் சாப்பிடு, குளிர்ல வெறுங்காலோட நிக்காதே. உங்கம்மா பக்கத்துலயே உக்காந்து, சரியா எழுதுறீகளான்னு வரிக்கு வரி கேட்டுக்கிட்டு இருக்கா, நானும் கொரல் மாத்தாம வாசிச்சுக் காட்டிக்கிட்டேதான் எழுதுறேன். அவ ஆசீர்வாதமும் என் ஆசீர்வாதமும் ஒனக்கு. எல்லாத் தெய்வமும் ஒனக்குத் தொணை இருக்கும்.

வியாழக்கெழமை காலையில வாசலைப் பாத்துக்கிட்டு இரு தாயி. ரெண்டு விருந்தாளி வாரோம்.

இப்படிக்கு,
ஒன் அப்பா,
வி. முத்திருளன்
(சொந்தப் பேரு)